பாளையங்கோட்டையில் என் கடைசி வாள்வீச்சு

பதினெட்டு வருடம் வாள் வீசியாகிவிட்டது. இனி வலது முழங்கால் தாங்காது என்று தெரிந்ததும், ஒரே ஒரு போட்டி ஆடிவிட்டு நிறுத்திக்கொள்ள முடிவு செய்தேன். போன பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் நடந்த மாநிலப் போட்டி அது. பதிமூன்று வயதில், விடுதியில் தங்கிப் படித்தபோது, நான் முதன்முதலாக வாளைப் பிடித்ததும் அதே ஊரில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. நாங்குநேரியில் இருக்கும் அப்பா என் ஆட்டத்தை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. பேப்பரில் வந்த என் முதல் படத்தில், ஆட்டம் முடிந்து கைகுலுக்க எதிராளிக்கு இடது கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஆட்டத்தில் அதுதான் முறை. வலது கையில் கையுறையும் வாளும் இருப்பதால், வெறும் இடது கையைத்தான் கொடுக்க வேண்டும். அப்பாவோ கண்டக்டரிடம்கூட இடது கையால் சில்லறை நீட்டாதவர். "தோத்தா தோத்துட்டுப் போ. இடது கையை நீட்டி ஒரு பிள்ளைய அவமானப்படுத்தப்படாது," என்றார். அதோடு சரி. வாங்கி வந்த மெடலைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவார். பார்க்க மட்டும் வரமாட்டார்.

இந்த முறை போனில், "இதுதான்ப்பா கடைசி," என்றேன். "பாப்போம்," என்று வைத்துவிட்டார்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஐந்தரைக்குப் பஸ். நெல்லை ஏறத்தாழ 160 கிலோமீட்டர். புதிய பஸ் நிலையத்தில் இறங்கியபோது எட்டே முக்கால். அங்கிருந்து மைதானத்துக்கு ஆட்டோ 150 ரூபாய். கையில் பாரம் இல்லாவிட்டால் டவுன் பஸ்ஸே போதும்.

டிரைவர் என் நீளப் பையைப் பார்த்தார். "எக்கா, தூண்டில் கம்பா? ஆத்துக்கா போறீய?"

"வாள்."

"யாத்தே! பைய பாத்து வைங்க, சீட்டு கிழிஞ்சிரும்."

பதினொன்றே முக்காலுக்குக் காலிறுதி. எதிரே ஒரு கல்லூரிப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். முகமூடி போடுமுன் பார்வையாளர் மாடத்தைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், மடித்த குடையோடு அப்பா. முகமூடியை மாட்டிக்கொண்டேன்.

முதலில் பதினைந்து புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. பதினான்குக்குப் பதினான்குவரை இழுத்தேன். கடைசியில் அவள் என் மணிக்கட்டில் ஒரு குத்து குத்தினாள். அவள் பக்கத்து விளக்கு எரிந்தது, முடிந்தது.

அப்போதுதான் அந்தக் கோமாளித்தனம் செய்தேன். அப்பா பார்க்கிறாரே என்று வாளை இடது கைக்கு மாற்றி, வலது கையைக் கொடுப்பதற்காகக் கையுறையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பெண் இடது கையை நீட்டியபடி விழித்தாள். நடுவர் முறைத்தார். கை கொடுக்காவிட்டால் தண்டனை உண்டு. கையுறையை அப்படியே விட்டுவிட்டு இடது கையைக் கொடுத்தேன். மாடத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்பா வெளியே வந்தார். "காலு வலிக்குதா?" என்றார். குறுக்குத்துறைக்கு ஆட்டோ பிடித்தோம், இருபது நிமிடம். படித்துறையில் உட்கார்ந்து காலை முழங்கால்வரை தாமிரபரணியில் விட்டேன். தண்ணீர் நல்ல குளிர்ச்சி, வலி கொஞ்சம் அடங்கியது.

கிளம்பும்போது அப்பா குடையைப் படியில் வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். இரண்டு கையும் காலி. இடது கையை நீட்டினார்.

"ஏளா, கை குடு. உங்க ஆட்டத்துல இப்படித்தான?"

கொடுத்தேன். அழுதுவிட்டேன். "நல்லாத்தான் ஆடுத," என்றார்.

வாளோடு போகிறவர்களுக்கு: கெட்டியான பெட்டியில் வையுங்கள், போட்டி அழைப்புக் கடிதம் மேலாக இருக்கட்டும். முடிந்தால் முந்தைய நாளே போய்த் தங்குங்கள். மூன்று மணி நேரம் பஸ்ஸில் மடக்கி வைத்த கால் சொன்ன பேச்சைக் கேட்காது. வீட்டில் யாராவது வரமாட்டேன் என்றால் ஒருமுறை கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். நான் விட்டுவிட்டேன். பதினெட்டு வருடத்தில் அப்பா பார்த்தது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் நான் தோற்றது.