கயிற்றுக்கு வெளியே நின்றவர்

கோச்சண்ணன் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டதே இல்லை. கைலி மடிப்பில் செருகியிருப்பார். கொல்கத்தாவில் சம்பளத்துக்குப் பந்து விளையாடிய மனிதர். முழங்கால் போனதும் எல்லையோரத்துச் சொந்த ஊருக்குத் திரும்பி, இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகக் கடற்கரை மணலில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். வீடு கேரளத்தில், மணல் தமிழ்நாட்டில். நடுவில் நூறு காலடி தூரம் இருக்கும். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். யாரிடமும் அவர் அடையாள அட்டை கேட்டதில்லை. கரையில் நின்று கரைமடி வலை இழுக்கிற நாளில் பயிற்சியை நிறுத்தி எல்லோரையும் வலைக்கயிற்றில் கொண்டுபோய் நிறுத்துவார். "ஒருத்தன் தளந்தா வலை கோணிப்போவும் மக்கா. தடுப்பாட்டமும் இதுதான் ஆக்கும்" என்பார். நான் அவருடைய முதல் அணியின் கோல்கீப்பர்; இப்போது எங்கள் கிளப்பின் செயலாளர்.

போன வருடம் எங்கள் பெண்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தபோது கால்பந்துச் சங்கம் புதுச் சட்டம் சொன்னது. உரிமம் இல்லாத பயிற்சியாளர் பெஞ்சில் உட்காரக் கூடாதாம். உரிமத்துக்கு எழுதிக் கேட்டால், வீடும் பயிற்சி இடமும் ஒரே மாநிலத்தில் இருக்கவேண்டுமாம். கேரளத்தில் போய்க் கேட்டால் "மணல் அங்கல்லவா" என்றார்கள். தமிழ்நாட்டில் கேட்டால் "வீடு இங்கில்லையே" என்றார்கள். என்ன சட்டமய்யா இது! வரைபடத்தில் கோடு போட்டவன் கடற்கரைக்கு வந்து பார்த்தானா? ஊரில் எல்லோரும் செய்வதுபோல தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் அவருடைய கொழுந்தியாள் வீட்டு விலாசத்தைக் கொடுக்கும்படி நான் சொன்னேன். "எனக்க வீடு எங்கேண்ணு எனக்குத் தெரியாதாலே?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

உரிமமுள்ள பயிற்சியாளர் பெயரைக் கொடுக்காவிட்டால் அணியையே நீக்கிவிடுவார்கள். உரிமம் வைத்திருந்த ஒருவரைக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். அவருக்கு எங்கள் பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாது. மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே கோச்சண்ணன் கூட்டத்தோடு நின்றார். பிள்ளைகள் பந்தைவிட்டு அவரையே பார்த்துப் பார்த்து ஆடித் தோற்றார்கள்.

அதற்கு அடுத்த மாதம் அதே சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. "பதவிக்கு ஆசைப்படாத எளிய மனிதர்" என்று மைக்கில் முழங்கினார்கள். வெட்கமில்லாதவர்கள்! அவர் ஆசைப்பட்டார் ஐயா. ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து கேட்டார்: "எலே, நாளைக்குப் பெஞ்சில எனக்க பேரு உண்டுமாலே?"

வேறொருவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்த நான், அவர் முகத்தைப் பார்க்காமல் "உண்டு அண்ணா" என்றேன். மறுநாள் கைலியை விட்டுப் பேன்ட்டும் தேய்த்த வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்தார். கயிற்றருகே சங்கத்துக்காரர்கள் அவரைத் தடுத்தபோது, அவர் திரும்பிப் பார்த்தது என்னைத்தான்.