கண்ணோரத்துக் காற்று

மாடம்மாளின் இடது கண்ணில் எந்நேரமும் நீர் வடிந்தது. தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறைகளைக் கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு. அழுதுகொண்டே படுக்கை விரிக்கிறாள் என்று நினைத்துத் தங்க வந்தவர்கள் சங்கடப்பட்டார்கள். கண்ணீர் இறங்குகிற குழாய் அடைத்திருக்கிறது என்று போன வருடம் ஆபரேஷன் செய்து, மூக்குக்குள் புது வழி திறந்துவிட்டார்கள். புண் ஆறியும் நீர் நிற்கவில்லை. கூடவே இன்னொன்றும் வந்தது.

கட்டிலுக்கடியில் குனிந்து கூட்டும்போது, கண்ணோரத்தில் யாரோ மெல்ல ஊதினார்கள். மின்விசிறி என்று நிமிர்ந்து பார்த்தாள். அது ஓடவில்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது.

அவள் புருஷன் பிச்சைக்கனி கட்டட வேலைக்காரன். இருவரும் வள்ளியூர்ப் பக்கமிருந்து ஒன்றாகப் பிழைக்க வந்தவர்கள். சிமெண்ட் தூசி விழுந்த கண்ணோடு அவன் சாயங்காலம் வருவான். அவள் இமையைப் பிரித்து ஊதிவிடுவாள். சாரம் சரிந்து அவன் போய்ச் சில வருடம் ஆகிறது. இப்போது வந்த காற்றும் அப்படித்தான், விட்டுவிட்டு வந்தது.

ரிசப்ஷனில் இருக்கும் மலையாளப் பெண் ஷீஜாவிடம் மட்டும் சொன்னாள். ஷீஜா பயந்து, மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் ஸ்ரீலட்சுமி கண்ணோரத்துத் துளையில் மெல்லிய ஊசிக்குழல் வைத்து உப்புநீர் செலுத்தினார். அது தடையில்லாமல் தொண்டைக்கு இறங்கியது.

"வழி நல்லாத் திறந்திருக்கு அம்மா. கீழ் இமைதான் தளர்ந்துபோச்சு. அது இறுக்கமா இருந்தாத்தான் கண்ணீரை உள்ளே தள்ளும்" என்றார். காற்று அவளுடைய மூச்சேதான், மூக்கிலிருந்து புது வழியாக மேலே வருகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார்.

இமையை இறுக்கும் சின்ன ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச நாளில் கன்னம் காய்ந்தது.

"சேச்சி, இப்போ அந்தக் காற்றும் நின்னுபோச்சு அல்லே?" என்றாள் ஷீஜா.

நின்றுவிட்டது என்று பொய் சொன்னாள் மாடம்மாள். அன்று மத்தியானம் ஆளில்லாத அறையில் உட்கார்ந்து, மூக்கை இறுகப் பிடித்து மூச்சை அடக்கிப் பார்த்தாள். நெஞ்சு அசையவில்லை. கண்ணோரத்தில் காற்று வந்தது. அதில் ஈர சிமெண்ட் வாடை இருந்தது.

அவளுக்கு எழுந்து ஓடத் தோன்றவில்லை.

"நீங்க இன்னும் போவலியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மறுநாள் முதல், அறை கூட்டும்போது கதவை உள்ளே தாழிட்டுக்கொள்ள ஆரம்பித்தாள்.