இரண்டு காலும் பதியும் வண்டி

மலைச்சாமிக்கு வயது அறுபத்திரண்டு. உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குலத்தை அவர் மனைவி அய்யம்மாள் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. அய்யலூர் ஆட்டுச்சந்தையில் அவர் தரகு பார்க்க ஆரம்பித்து நாற்பது வருடமாகிறது.

சந்தையில் அவர் பிழைத்ததே ஒரு பழக்கத்தால்தான். பிடித்த ஆட்டை அவர் ஏறிட்டுப் பார்க்க மாட்டார். அதற்குப் பக்கத்தில் நிற்கும் ஆட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பார், முதுகை அமுக்குவார், இப்படி ஒரு உருப்படியைத் தன் ஆயுசில் கண்டதில்லை என்று ஊர் கேட்கச் சொல்வார். கிளம்பும்போதுதான், போகிற போக்கில் மற்றதைக் காட்டி, இந்தச் சோகை பிடித்ததை எவன் வாங்குவான் என்று கேட்பார். விற்க வந்தவன் முகம் வாடிப்போகும். சற்று நேரத்தில் அந்த ஆடு மலைச்சாமியின் கயிற்றில் நிற்கும்.

பழக்கம் சந்தையோடு நிற்கவில்லை. வீட்டிலும் குழம்பைக் குறை சொல்லித்தான் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்வார். அய்யம்மாளுக்கு அது அத்துப்படி. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்ட குழம்பை அவள் மறுபடி வைப்பதில்லை.

அய்யம்மாள் எதற்கும் அசராத மனுஷி. பஸ் ஒன்றுதான் அவளுக்கு ஆகாது. ஏறி உட்கார்ந்தால் அடுத்த ஊர் வருவதற்குள் வயிறு புரளும். காரும் அப்படியே, கண்ணாடியை ஏற்றிவிட்டால் இன்னும் மோசம். முகத்தில் காற்று அடிக்க வேண்டும் அவளுக்கு. இருசக்கர வண்டி என்றால் எவ்வளவு தூரமானாலும் பேசிக்கொண்டே வருவாள். மகள் மணிமேகலை கோத்தகிரியில் பள்ளி ஆசிரியையாகப் போய் நாலு வருடமாகிறது. ஒரே ஒரு தடவை பஸ்ஸில் கிளம்பிய அய்யம்மாள், ஒட்டன்சத்திரத்திலேயே இறங்கி, மகளுக்குச் சுட்ட முறுக்கோடு வீடு திரும்பினாள். அதன் பிறகு மகள்தான் வந்து போகிறாள். இந்த ஆவணியில் மணிமேகலை தான் கட்டிய புது வீட்டில் பால் காய்ச்சுகிறாள்.

மலைச்சாமியின் பழைய மொபெட்டுக்கு அந்த மலை ஏறத் தெம்பு கிடையாது. அண்ணன் மகன் தன்னுடைய உயரமான வண்டியைத் தருவதாகச் சொன்னான். பழகிப் பார்க்கலாம் என்று அதில் இருவரும் சிறுமலைக்குப் போனார்கள். மூன்றாவது வளைவில் எதிரே பஸ் வந்தது. மலைச்சாமி வண்டியை நிறுத்தினார். வண்டி நின்றுவிட்டது, அவருடைய கால்தான் தரையைத் தேடிக்கொண்டிருந்தது. அது கிடைப்பதற்குள் அவர், அவள், வண்டி மூவரும் ஓரத்துப் புல்லில் படுத்துவிட்டார்கள். அடி ஒன்றும் இல்லை. அய்யம்மாளின் வளையல் இரண்டு உடைந்தன. பஸ் கண்டக்டர்தான் இறங்கி வந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் அய்யம்மாள் தன் முடிவைச் சொன்னாள்.

"வண்டிய நிப்பாட்டுனா ஒங்க ரெண்டு காலும் தரையில பதியணும். அப்படி வண்டி கெடச்சா நான் வாரேன். இல்லன்னா நீங்க மட்டும் போயிட்டு வந்து, வீடு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. கேட்டுக்கிறேன்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பால் காய்ச்சுவதற்கு அப்போது இருபது நாள் இருந்தது.

மறுநாளே இருவரும் மொபெட்டில் திண்டுக்கல் வந்து, திருச்சி ரோட்டில் இருந்த ஒரு ஷோரூமில் இறங்கினார்கள். தான் உள்ளே வந்தால் பேரம் கெடும் என்று அய்யம்மாள் வாசலிலேயே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே நுழைந்ததுமே மலைச்சாமி அந்த வண்டியைக் கண்டுகொண்டார். கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கறுப்பு நிறம். இருக்கை தாழ்ந்து கிடந்தது. காலை நேராக இறக்க வாகாக அதன் முன்பக்கம் ஒடுங்கியிருந்தது. கைப்பிடி ஓட்டுகிறவரைத் தேடி வருவதுபோல் பின்னால் வளைந்திருந்ததால் குனிந்து எட்டிப் பிடிக்க வேண்டாம். பின்னால் உட்காருகிறவர் சாய்ந்துகொள்ள முதுகுத் திண்டு இருந்தது. ஒற்றை ஆளாகப் பின்னால் தள்ளித் திருப்ப முடிகிற எடைதான். ஆட்டைக் கண்ணாலேயே நிறுத்துப் பழகியவருக்கு அதற்கு விவர அட்டையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஷோரூமில் வேலை பார்க்கும் பவித்ரா என்ற பெண் வந்து, என்ன மாதிரி வண்டி வேண்டும் என்று கேட்டாள். மலைச்சாமி நேராகப் போய், இருப்பதிலேயே உயரமான வண்டியின் முன் நின்றார். அதன் டயரை அமுக்கினார், விளக்கைத் தடவினார், வண்டி என்றால் இதுவல்லவா வண்டி என்றார். அவள் ஏறி உட்காரச் சொன்னபோது இன்று முழங்கால் வலி என்று மழுப்பினார். அவருடைய உயரத்துக்கு அந்தக் கறுப்பு வண்டிதான் தோது, அதுவும் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அடுத்தது வர ஒரு மாதமாகும் என்று பவித்ரா தன்மையாகச் சொன்னாள். மலைச்சாமி அந்தப் பக்கம் பார்க்காமலே உதட்டைப் பிதுக்கினார்.

"அதையெல்லாம் வண்டியில சேத்தியாம்மா? எரும படுத்துக் கெடக்குற மாதிரி இருக்கு. வயிறு வேற தொங்குது."

அந்தப் பெண் அவர் சொன்னதை அப்படியே நம்பினாள். உயரமான வண்டியின் விவரத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள். பாதி பேச்சில் அவளை வேறு பக்கம் கூப்பிட்டார்கள். மலைச்சாமி மனசுக்குள் சிரித்துக்கொண்டு கடையை இன்னொரு சுற்று சுற்றினார். இனி கிளம்புவதுபோல் கிளம்பி, போகிற போக்கில் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதுதான் பாக்கி.

திரும்பி வந்தபோது கறுப்பு வண்டியின் மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆறடி ஆள். முழங்கால் இரண்டும் கைப்பிடியை இடிக்க, மடக்கி வைத்த கட்டில்போல் இருந்தார். பவித்ரா அவரிடம் புக்கிங் படிவத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து என்று பெயர் சொன்னார், ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி.

இது வேண்டும் என்று ஒரு பொருளைக் காட்டி மலைச்சாமி கேட்டதே இல்லை. கண்ணாடிக்கு வெளியே அய்யம்மாள் விளம்பரத் தாளால் விசிறிக்கொண்டு, மற்ற வண்டிகளில் ஏறி இறங்குகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நாச்சிமுத்துவின் முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, அந்த வண்டி எனக்கு வேணும்."

"ஏனுங்க, பக்கத்துல நின்னு கேட்டனுங்களே, இப்பத்தான படுத்த எருமைன்னு சொன்னீங்க?"

"புடிச்சிருந்துச்சு. அதான் ஏசுனேன்."

"அது தெரியாமலா இருக்கறனுங்க? மண்டியில இருவத்தஞ்சு வருசமுங்க. வாங்க வந்தவன் எவன் நல்ல தக்காளிய நல்லாருக்குன்னு சொல்லியிருக்கான்? எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க ஏசுனத வெச்சுத்தான் இத எடுத்தேன்."

பவித்ரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மலைச்சாமி நடந்ததை மறைக்காமல் சொன்னார். அய்யம்மாளையும் பஸ்ஸையும் சொன்னார், சிறுமலைப் புல்லில் விழுந்ததைச் சொன்னார், மகள் வீட்டுப் படியை அவள் இன்னும் மிதிக்காததைச் சொன்னார். சொல்லச் சொல்ல நாச்சிமுத்து ஒவ்வொரு காலாகப் பிரித்தெடுத்து இறங்கினார்.

"உங்க வண்டிதானுங்க. எனக்கு எப்படியும் முட்டி இடிக்குது. சரி, எனக்கு எது ஆகும்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

மலைச்சாமி உயரமான வண்டியைக் காட்டினார். நாச்சிமுத்து தயங்கினார்.

"நீங்க புகழ்ந்த வண்டிங்க அது. அதான் ரோசனையா இருக்குது."

பவித்ரா அதற்குள் படிவத்தைக் கிழித்துவிட்டாள். இப்போதாவது ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள் சார் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். மலைச்சாமி செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு குதிகாலும் தரையில் அழுந்தின. முழங்கால் லேசாக மடங்கக்கூட இடமிருந்தது.

ஓட்டிப் பார்க்க வைத்திருந்த வண்டியும் அதே ரகம்தான். பவித்ரா அதை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னாள். ஷோரூம் வாசலிலிருந்து ரோட்டுக்குச் சரிவான சிமெண்டுப் பாதை இறங்கியது. அய்யம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள். சரிவில் பாதி இறங்கியதும் அவர் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார். உட்கார்ந்தபடியே அவள் இடமும் வலமும் வேண்டுமென்றே உலுக்கினாள். வண்டி அசையவில்லை. பிறகு குனிந்து இந்தப் பக்கம் ஒரு செருப்பையும் அந்தப் பக்கம் ஒரு செருப்பையும் பார்த்தாள்.

"மணிமேகலைக்கு போனப் போடுங்க" என்றாள். "அம்மா வந்தப்பெறகுதான் அடுப்புப் பத்த வைக்கணும்னு சொல்லுங்க."

இறங்கி ஓரமாக நின்று பேசுவதாக மலைச்சாமி சொன்னார்.

"எதுக்கு எறங்கணும்? ரெண்டு காலும் தரையிலதான இருக்கு. இப்படியே பேசுங்க."

மலைச்சாமி சட்டைப்பையில் கைவிட்டுப் போனை எடுத்தார்.