நாக்கில் வைத்துப் பார்த்த தண்ணீர்

எங்கள் எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையத்தை விரிவாக்குவது பற்றி அரசு கூட்டிய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இறால் பிடிப்பவர், விரல்களெல்லாம் வெடித்திருந்தன. ஆற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்தே இறால் வருமா என்று சொல்லிவிடுவாராம். அன்று அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருந்தார்.

மேடையேறி அதிகாரியிடம் நீட்டினார். "அனுமதி கேட்டு டில்லிக்கு எழுதுறதுக்கு முன்னாடி நாக்குல வச்சுப் பாரு சார். ஒரே சாம்பலா கீது. எறா எப்படி வரும்?"

அதிகாரி எழுதிக்கொண்டார். பாட்டிலைத் தொடவில்லை.

திரும்பி வந்தவர், "நீ எதுக்கு வந்துகீறே நைனா?" என்றார்.

"பையனுக்கு அந்த மின் நிலையத்துல வேலை கேக்க."

கோபப்படவில்லை. "கேளு. புள்ளகுட்டிக்காரன் வேற இன்னா பண்ணுவே?"

கேட்டேன். வேலை கிடைத்தது. இப்போது கோயிலில் தீர்த்தம் நாக்கில் படும்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது. வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றுவதில்லை.