மூணாம் கியரும் சிவப்பு வேனும்

ரொட்டி வேன் ஓட்டுகிறவருக்குப் பெயர் மூணாம் கியர். பெற்றவர்கள் வைத்தது வேறு. ஊர் வைத்ததுதான் ஒட்டிக்கொண்டது. மேடோ பள்ளமோ, கல்யாணமோ சாவோ, மனிதர் மூன்றாவது கியரை விட்டு மாறமாட்டார். நடப்பதும் அப்படி, சாப்பிடுவதும் அப்படி. நாற்பதைத் தாண்டியும் தனிக்கட்டையாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று பேக்கரியில் பேசிக்கொள்வார்கள். இவர் 'சரி' என்று சொல்லி முடிப்பதற்குள் பெண்ணுக்கு வேறு இடத்தில் குழந்தையே பிறந்துவிட்டதாம்.

வேன் அவருடையது அல்ல, அவர் அண்ணனுடையது. பழுத்த மிளகாய்ச் சிவப்பு. ஒரு நாள் காலையில் ரொட்டித் தட்டுகளோடு போகும்போது அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. இண்டிகேட்டரைப் போட்டார், வண்டியை ஓரம் கட்டினார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், அப்புறம்தான் செத்தார். ஆட்கள் வந்து கதவைத் திறந்தபோது இண்டிகேட்டர் மட்டும் டிக் டிக் என்று கண்ணடித்துக்கொண்டிருந்தது. வேன் தம்பி கைக்கு வந்த நாளிலிருந்து அவர் இண்டிகேட்டரைத் தொட்டதே இல்லை. கையை வெளியே நீட்டித்தான் திரும்புவார்.

தினமும் காலையில் அண்ணி வீட்டில் ஒரு ரொட்டியைக் கொடுத்துவிட்டுத்தான் சுற்றைத் தொடங்குவார். வினையே அங்கேதான். தெருமுனையில் சிவப்பு தெரிந்ததும் அண்ணன் மகள் வாசலுக்கு ஓடி வருவாள். ஐந்து வயது. அப்பா செத்துப்போனதைச் சொல்லியாயிற்று, அவளும் தலையை ஆட்டியாயிற்று. கால்களுக்கு யார் போய்ச் சொல்வது? கதவைத் திறந்து சித்தப்பா இறங்குவார். பிள்ளை முகம் அப்படியே சப்பென்று ஆகிவிடும். அழமாட்டாள். ரொட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அழுது தொலைத்தாலாவது தேவலை என்றிருக்கும் மூணாம் கியருக்கு.

அண்ணி ஒரு நாள் வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"தம்பி, ஒண்ணு வண்டிக் கலரை மாத்துங்க. இல்லன்னா இந்தத் தெருப்பக்கமே வராதீங்க. தினம் ஒரு தடவை அவ அப்பனைப் பறிகொடுக்குறா. என்னால பாத்துட்டு நிக்க முடியல."

"மாத்திடறேன் அண்ணி."

"எப்போ? உங்க வேகம் எனக்குத் தெரியாதா?"

நல்லவேளையாக, அடுப்பைப் பழுதுபார்க்கப் பேக்கரியை ஒரு வாரம் மூடினார்கள். ஸ்ப்ரே மெஷின் அவரிடம் இல்லை. பட்டறையில் விடவும் மனசு வரவில்லை. அண்ணன் வண்டியில் அந்நியன் கை படுவதா? வீட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் நிறுத்தினார். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினார். கண்ணாடிக்கெல்லாம் செய்தித்தாளை ஒட்டினார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தார். தேய்த்த தண்ணீர் சிவப்பாக வழிந்து காலடியில் தேங்கியது. அதை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தார்.

அப்புறம் எனாமலில் கொஞ்சம் தின்னர் கலந்து, ஸ்பாஞ்சு ரோலரால் மெல்லிசாக உருட்டினார். வெள்ளை. சிவப்புக்கு வெகுதூரத்தில் இருக்கிற கலர் அதுதான் என்று அவர் கணக்கு. ஒரு கொசு வந்து ஒட்டிக்கொண்டதைத் தவிர எல்லாம் ஒழுங்காகவே முடிந்தது.

காலையில் கொட்டகையைத் திறந்தால் வேன் ரோஸ் நிறத்தில் நிற்கிறது.

"என்னப்பா, வண்டி வெட்கப்படுது? பொண்ணு பாக்க வந்தாங்களா?" என்றார் எதிர்வீட்டு டெய்லர்.

"உங்க மூஞ்சியைப் பாத்திருக்கும்ணே."

வாய் என்னவோ பதில் சொல்லிவிட்டது. கால்கள் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தன. டிரைவர் கதவில், ஜன்னலுக்குக் கீழேதான் நிறம் அழுத்தமாக ஏறியிருந்தது. அண்ணன் முழங்கை வைக்கிற இடம். மறுபடி வெள்ளை பூசினார். மறுநாள் காலையில் மறுபடி அதே இடத்திலிருந்து எழும்பியது. மூன்றாம் தடவை பூசி, காயும்வரை எதிரிலேயே குந்தி உட்கார்ந்து பார்த்தார். கண்ணெதிரே ஊறிக்கொண்டு வந்தது.

ரோலரைக் கீழே போட்டார். கொட்டகையில் வேறு யாரும் இல்லை. "ஏண்ணே," என்றார் வேனைப் பார்த்து, "போகமாட்டியா?"

பெயின்ட் கடை அக்கா கதையைக் கேட்டுச் சிரித்தே விட்டாள். "சிவப்பு அப்படித்தான் தம்பி. அடச்சு வைக்காம மேல எதைப் பூசினாலும் ஊறித்தான் வரும். முதல்ல அலுமினியப் பெயின்ட் ஒரு கோட் குடு. அப்புறம் வெள்ளை. சும்மா பேயறைஞ்ச மாதிரி நிக்காதே."

சொன்னபடி செய்தார். அலுமினியப் பெயின்டை டிரைவர் கதவில் உருட்டும்போது மட்டும் கை நின்று நின்று போயிற்று. பிள்ளைக்காக என்று சொல்லிக்கொண்டே உருட்டினார். அதற்குமேல் பூசிய வெள்ளை, காலையிலும் வெள்ளையாகவே இருந்தது.

பேக்கரியில் மறுபடி அடுப்பு பற்றவைத்த அன்று காலை, அண்ணியின் தெருவுக்குள் வேனைத் திருப்பினார். பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வேனைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"சித்தப்பா வண்டி," என்றாள் உள்ளே பார்த்து.

இதைத்தானே கேட்டார்கள்? நடந்துவிட்டது. இருந்தும் மூணாம் கியருக்கு இறங்கக் கால் வரவில்லை. ஒருவழியாக இறங்கி, ரொட்டி எடுக்கப் பின்கதவைத் திறந்தார். திறந்த பிறகுதான் உறைத்தது. வெளியே முழுக்கப் பூசிய மனிதர் உள்ளே ஒரு பொட்டுகூடப் பூசவில்லை. உள்ளே கூரையிலிருந்து தரைவரை ஒரே சிவப்பு.

பிள்ளை எழுந்து வந்து தலையை உள்ளே நீட்டினாள். அண்ணி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"நாளைக்கே உள்ளேயும் பூசிடறேன் அண்ணி..."

"சத்தம் போடாதீங்க சித்தப்பா," என்றாள் பிள்ளை. "அப்பா உள்ளே இருக்காரு. வெளியேதான் வரமாட்டாரு."

இரண்டு கையாலும் கதவைப் பிடித்து, ஓசைப்படாமல் சாத்தினாள். ரொட்டியை வாங்கிக்கொண்டு, முகம் வாடாமல் உள்ளே போனாள்.

அண்ணி வந்து அந்த வெள்ளைக் கதவில் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"உள்ளே பூச வேண்டாம், தம்பி."

மூணாம் கியர் வண்டியைக் கிளப்பினார். தெருமுனையில் கையை நீட்டப் போனவர், என்ன நினைத்தாரோ, இண்டிகேட்டரைப் போட்டார். டிக் டிக் என்றது. திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஆள் இருக்கும்போது அலுங்காமல்தானே ஓட்ட வேண்டும்? மூன்றாவது கியரிலேயே போனார்.