ரீற்றா அக்கா ஒட்டாத லேபிள்

போன சனிக்கிழமை மகனின் சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது. வீட்டிலிருந்த ஒரே குறடு, அதையும் யாரோ தொலைத்திருந்தார்கள். யாரோ என்றால், நான்தான். புதிதாக ஒன்று வாங்கலாமென்று கடைக்குப் போனோம். பெட்டியைக் கையில் எடுத்ததும் வழக்கம்போல எங்கே செய்தது என்று திருப்பிப் பார்த்தேன். இது எனக்கு ஒரு வியாதி. தேநீர்க் கோப்பையைக்கூட அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பேன். ஒருமுறை விருந்துக்குப் போன வீட்டில், உள்ளே தேநீர் இருப்பதை மறந்து கவிழ்த்தேவிட்டேன். அந்த வீட்டுக்கு மனைவி இப்போது தனியாகத்தான் போவாள்.

பெட்டியைத் திறந்தபோது, துருப்பிடிக்காமல் பூசும் எண்ணெயின் மணம் வந்தது. மண்ணெண்ணெயில் மெழுகு கரைத்ததுபோல ஒரு மணம். பெட்டியின் மூலையில் சின்னதாக ஓர் அமெரிக்கக் கொடி. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். “வாட் ஹாப்பண்ட், அப்பா?” என்றான் மகன். அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில், 2009இல், டண்டினொங்கில் குறடும் ஸ்பேனரும் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கணக்கியல் படித்தவன் நான். அங்கே என் வேலை, வரும் குறடுகளைத் திறந்து மூடிப் பார்ப்பது. காலையிலிருந்து மாலைவரை திற, மூடு. வீட்டில் சோற்றுக் கரண்டியைப் பிடித்தால்கூட விரல்கள் அதைத் திறக்கப் பார்க்கும். பிறகு பொதி கட்டும் பகுதிக்கு என்னைப் பொறுப்பாளராக்கினார்கள். ஊருக்கு எழுதியபோது ‘மனேஜர்’ என்று எழுதினேன். கீழே வேலை செய்தது நாலு பேர் என்பதை எழுதவில்லை.

எங்கள் சின்ன வயதில் வெளிநாட்டுச் சாமான் என்றாலே ஒரு மரியாதை. யாராவது ஒரு டோர்ச்சைக் காட்டி “இது ஜப்பான்” என்றால், அதற்குமேல் பேச்சில்லை. அந்த ஜப்பானில் யார், எந்த மேசையில் இருந்து அதைச் செய்தார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த மேசைக்கு நானே வந்து சேர்ந்தபிறகுதான் நினைத்தேன்.

அடுத்த வருடம் தொழிற்சாலையை ஓர் அமெரிக்கக் கொம்பனி வாங்கியது. பழைய முதலாளி குடும்பம் கைகுலுக்கிவிட்டுப் போனது. புதியவர்கள் சொசேஜ் சுட்டுத் தந்தார்கள், கழுகுப் படம் போட்ட தொப்பி தந்தார்கள். வேலை மாறவில்லை. பெட்டிகளில் முன்போலவே ஆஸ்திரேலியாவில் செய்தது என்ற லேபிளைத்தான் ஒட்டினோம்.

ரீற்றா அக்கா அதற்குப் பிறகு வந்தவர். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். மகளோடு படகில் வந்து, தடுப்பு முகாமில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்து, பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதியில் வெளியே விடப்பட்டு, ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றின் மூலமாக எங்களிடம் வந்தார். நாற்பது வயதிருக்கும். லேபிள் ஒட்டுவதில் அவருடைய கைக்கு ஈடில்லை. ஒரு குமிழி விழாது, ஒரு கோணல் வராது. வந்த புதிதில் தனக்கும் கிடைத்த கழுகுத் தொப்பியை வீட்டில் மிளகாய் காயவைக்கிறபோது மகள் போட்டுக்கொள்கிறாள் என்று சொல்லிச் சிரிப்பார். மத்தியானம் எங்கள் கதிரைகளை அருகருகே இழுத்துப் போட்டுச் சாப்பிடுவோம். அவர் மீன்பொரியலில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, “தம்பி, உங்கட மரக்கறியைப் பார்க்க எனக்குப் பாவமாக் கிடக்கு” என்பார்.

2013இல் டேவ் என்பவரை அமெரிக்காவிலிருந்து அனுப்பினார்கள். உயரமான, மெதுவாகப் பேசும் மனிதர். எல்லோரையும் கூப்பிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்: இந்த வேலை அமெரிக்காவுக்குத் திரும்பப் போகிறது. அங்கே சனங்கள் பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறார்கள், தங்கள் நாட்டில் செய்ததா என்று கேட்கிறார்கள். தன் ஊரில் இருந்த தொழிற்சாலை மூடப்பட்டபோது தன் தகப்பன் என்ன ஆனார் என்று சொல்ல வந்தவர், பாதியில் நிறுத்தி மூக்கைத் துடைத்தார். நடிப்பில்லை. அவருடைய ஊருக்கு விடிகிறது, எங்களுக்கு இருட்டுகிறது, அவ்வளவுதான். எனக்கு அந்த மனிதரைக் கடைசிவரை வெறுக்க முடியவில்லை.

ஒரு வியாழக்கிழமை புதிய லேபிள் சுருள்கள் வந்தன. கொடி போட்டவை. அமெரிக்காவில் செய்தது என்று எழுதியிருந்தது. அங்கே யந்திரங்கள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. ஆனால் கடைகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ஆகவே எங்களிடம் லேபிளில்லாமல் ஆறு மரத்தட்டுகளில் அடுக்கிக் கிடந்த பெட்டிகளிலெல்லாம் இதை ஒட்ட வேண்டுமாம். “டெம்பரறிதான், இந்த ஒருமுறை மட்டும்” என்றார் டேவ். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் ரீற்றா அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். சுருளைக் கையில் வாங்கி, கொடியைப் பெருவிரலால் தடவினார்.

“இது இங்கை செய்ததெல்லோ?”

“ஓம் அக்கா. டெம்பரறியாத்தானாம்.”

“என்ர விசாவும் டெம்பரறிதான். ரெண்டு வருசமாகுது, முடியேல்லை.”

பிறகு பொதித்தாளைக் காட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தாள் உண்டு. உள்ளே இருப்பதும் மேலே ஒட்டியிருப்பதும் ஒன்றே என்று பொதி கட்டியவர் கையெழுத்து வைக்க வேண்டும்.

“நீங்கள் ஒட்டுங்கோ அக்கா. இது அவையளின்ர பொய். எங்கடை இல்லை.”

“கையெழுத்து என்ரையெல்லோ தம்பி.” குரலை உயர்த்தவே இல்லை. “காம்பிலை என்னை நாலுதரம் விசாரிச்சவை. என்ன நாள், எத்தினை மணி, படகு என்ன நிறம் எண்டு. ஒருக்கா நீலம் எண்டன், ஒருக்கா பச்சை எண்டுபோட்டன். பயத்திலை ஆர் நிறம் பார்த்தது? அதுக்கு, இவ பொய் சொல்லுறா எண்டு எழுதிப்போட்டினம். இப்ப நான் இதிலை கையெழுத்து வைச்சா, அவை எழுதினது சரியெண்டு ஆகிடுமெல்லோ?”

அவர் சுருளை மேசையில் வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்து, ஏற்கனவே கூட்டியிருந்த தரையைக் கூட்டத் தொடங்கினார்.

சற்று நேரத்தில் டேவ் வந்து, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். அந்த இடத்தில் நான் என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். ரீற்றா அக்காவுக்குச் சுகமில்லை என்றிருக்கலாம். அவரை ஸ்பேனர் மேசைக்கு மாற்றுகிறேன் என்றிருக்கலாம். கொஞ்சம் முதுகெலும்பிருந்தால், அவர் சொல்வதுதான் சரி என்றிருக்கலாம். நான் சொன்னது, அவருக்கு இதைச் செய்ய விருப்பமில்லையாம் என்பது. ஆங்கிலத்தில் சிறிய வசனம். என் உச்சரிப்புக்கூட அன்றைக்குச் சுத்தமாக வந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் நானும் மற்றவர்களும் ஒட்டினோம். என் லேபிள்களில் குமிழி விழுந்தது. ஆறு தாள்களிலும் நான் கையெழுத்து வைத்தேன். ரீற்றா அக்கா மற்றப் பக்கத்தில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். மாலையில் “போட்டு வாறன் தம்பி” என்றார். திங்கட்கிழமை அவர் வரவில்லை. ஏஜென்சி வேறொரு பெண்ணை அனுப்பியிருந்தது. ஏன் என்று கேட்கத் தொலைபேசியை எடுத்தேன். யாரும் எடுக்குமுன் நானே வைத்துவிட்டேன்.

சில வாரங்களுக்குப் பிறகு டண்டினொங் சந்தையில், மீன்கடைக்கு முன்னால் அவரைக் கண்டேன். மகளும் நின்றாள். நான் மரக்கறிப் பக்கம் ஒதுங்கப் பார்த்தேன். அவர் கண்டுவிட்டார்.

“என்ன தம்பி, மெலிஞ்சுபோனியள்?”

“அக்கா, அண்டைக்கு நான் டேவுக்கு...”

“விடுங்கோ. உங்களுக்கும் பிள்ளை இருக்கு.”

மகள் என்னை நேராகப் பார்த்து, “ஷீ கிளீன்ஸ் ஹவுஸஸ் நவ், அங்கிள்” என்றாள். அதில் கோபமில்லை. கோபமிருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வருட முடிவுக்குள் யந்திரங்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டு லொறிகளில் போயின. அவற்றோடு எங்கள் வேலையும் போனது. ஆகவே நான் அன்றைக்குக் காப்பாற்றிக்கொண்டது சில மாதங்களை மட்டுமே. இப்போது அந்தக் கட்டடத்துக்குள் சிறுவர் விளையாட்டிடம் இருக்கிறது. இரும்பை அடிக்கும் சுத்தியல் யந்திரம் நின்ற இடத்தில் பிள்ளைகள் பந்துகளுக்குள் குதிக்கிறார்கள். ஏஜென்சியின் கதவில் வேறு பெயர்ப்பலகை. ரீற்றா அக்காவின் பழைய எண்ணை அழைத்தால் யாரோ ஒரு வெள்ளைக்காரர் எடுத்து, இங்கே அப்படி யாரும் இல்லை என்கிறார். மூன்றாவது முறை அவர் என் குரலை அடையாளம் கண்டுகொண்டார். அதன்பிறகு நான் அழைப்பதில்லை.

அவரும் மகளும் இங்கே இருக்கிறார்களா, திருப்பி அனுப்பப்பட்டார்களா என்று தெரியவில்லை. அதனால் ஒருமுறை, சைவ சமயத்தவனான நான் இங்கே மன்னார்ச் சனங்கள் கூடும் மாதா திருநாளுக்குப் போனேன். கோயில் வாசலில் கடலை விற்றுக்கொண்டிருந்த ஓர் அன்ரியிடம், ரீற்றா அக்காவைத் தெரியுமா என்று கேட்டேன்.

“எந்த ரீற்றா? பேசாலை ரீற்றாவோ, வங்காலை ரீற்றாவோ? தகப்பன்ர பேர் என்ன?”

ஒன்றரை வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்து சாப்பிட்டிருக்கிறேன். அவருடைய ஊரை நான் கேட்டதில்லை. முழுப்பெயரும் எனக்குத் தெரியாது.

“தெரியாது அன்ரி” என்றேன்.

அவர் எனக்குப் பின்னால் நின்றவருக்குக் கடலையைத் தாளில் சுற்றத் தொடங்கினார்.