நாலாவது குழி, வலப்பக்கம்

எண்ணூரில் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்புக்குள் ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் ஒன்று உண்டு. அங்கே கால்வாயில் விழும் பந்துகளைத் துழாவி எடுப்பது கோவிந்தம்மாவின் வேலை. குப்பத்துப் பெண், கழிமுகச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்தவள். அந்தச் சேறு வேறு, இது வேறு. இதில் இறங்கினால் தொடைவரை கருப்பு எண்ணெய் அப்பிக்கொள்ளும். அழுகின முட்டை நாற்றம் தலைமுடிக்குள் போய் உட்காரும்.

நாலாவது குழிக்கு அடிக்கும்போது கால்வாய் வலப்பக்கமாகவே நெடுக வரும். ஆறு வருஷமாகப் பார்க்கிறாள். வருகிற அதிகாரிகள் எல்லாரும் பையிலிருந்து பெரிய மண்டை வைத்த கட்டையைத்தான் உருவுவார்கள். இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி வீசுவார்கள். பந்து நேராகக் கிளம்பி, வலப்பக்கம் வளைந்து, கால்வாயில் விழும். உடனே இன்னொரு பந்து, அதே கட்டை, அதே வீச்சு. சேற்றைவிட இதுதான் அவளுக்குக் குமட்டியது.

அவர்களில் ஜெயஸ்ரீ மேடம் ஒருவர்தான் வேறு மாதிரி. பந்தடிக்கும் மேட்டின் வலது ஓரத்தில் நின்று, சின்னக் கட்டையால், இடது பக்கத்துப் புங்கமரத்தைக் குறிவைத்து அளவாகத் தட்டுவார். பந்து வளைந்தாலும் புல்லின் நடுவில்தான் விழும். "பொம்பளை அடி" என்று ஆண்கள் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணை மேலாளர் திருமுருகன் வரிசையாக மூன்று பந்துகளைக் கால்வாய்க்குள் விட்டார். நாலாவது பந்து, அவள் குனிந்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. தெறித்த சேறு வாய்க்குள் போய்விட்டது. காறித் துப்பினாள், ருசி போகவில்லை. கரையேறி, சொட்டச் சொட்ட மேட்டுக்கே போனாள்.

"இன்னா சார், எத்தினி தபா அதே எடத்துல வுயுது!"

"தள்ளி நில்லும்மா. நாத்தம் தாங்கல."

"உன் பந்து தேடப்போயி வந்த நாத்தம்தான் சார் இது. அந்த மண்டக்கட்டைய உள்ள வெய்யி. சின்னத எடு. வலது ஓரமா நின்னுகினு, தோ அந்தப் புங்கமரத்தப் பாத்து மெதுவா தட்டு. வளைஞ்சாலும் நடுவுலதான் வுயும்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கடுப்போடு சின்னக் கட்டையை எடுத்தார் திருமுருகன். பந்து அதிக தூரம் போகவில்லை. ஆனால் அடுத்த அடிக்கு வசதியாகப் புல்லின் நடுவில் நின்றது. அடுத்த மூன்று வாரமும் அவர் பந்து கால்வாய்க்கு வரவே இல்லை. "நானே கண்டுபிடிச்ச டெக்னிக்" என்று அவர் நண்பர்களிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

நாலாவது வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு விருந்தாளி வந்தார். அவர் முன்னால் சின்னக் கட்டையை எடுக்கத் திருமுருகனுக்குக் கூச்சம். பெரியதை உருவினார். பந்து கால்வாய்க்குள் போனது. அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தப் பக்கம் கையைக் காட்டி விரலைச் சொடுக்கினார்.

அவள் கால்வாயில் இறங்கவில்லை.

"தெரிஞ்சே போட்டத நீயே எறங்கி எடு சார்."

மைதான மேஸ்திரி சைமன் ஓடிவந்தார். "இன்னாமே, வேலைய வுட்டுப் போறியா?"

"புல்லு புடுங்குறேன் மேஸ்திரி, குப்ப கூட்டுறேன். அந்தக் கலீஜுல இனிமே கால வெக்கமாட்டேன்."

மறுநாளே சைமன் அவளை முதல் குழிப் பக்கம் களையெடுக்கப் போட்டுவிட்டார். கால்வாயில் இறங்க வேறு யாரும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்துத் திருமுருகன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "உங்க குப்பத்துல பந்தெடுக்க யாராவது இருந்தா சொல்லேன்."

"அப்டி யாரும் இல்ல சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுத்த கோரையைப் பிடுங்கினாள்.